டெரிக் தொடரின் ஹோர்ஸ்ட் டாப்பெர்ட்: அசையாமல் நிற்கும் இந்த நடிப்பை எப்படிப் படிப்பது?

மூன்றாம்வரிசை கேட்கிறார்:

ஜெர்மன் துப்பறியும் தொடர் 'டெரிக்'கை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். சிலவற்றை ஆங்கில ஒலிச்சேர்க்கையிலும் சிலவற்றை ஜெர்மன் மூலத்திலும் பார்த்தேன். கதையை விட என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த நாயகன்தான். ஹோர்ஸ்ட் டாப்பெர்ட் ஓடுவதில்லை, கத்துவதில்லை, துப்பாக்கியை எடுப்பதே அரிது. வாசலில் வந்து நிற்கிறார், எதிராளியைப் பார்க்கிறார், அவ்வளவுதான். ஆனால் கண் அவரை விட்டு நகர மறுக்கிறது.

நாங்கள் எடுக்கும் குறும்படத்தில் ஏழு நிமிட விசாரணைக் காட்சி ஒன்று இருக்கிறது. அதிகாரியாக நடிப்பவரிடம் "ஒன்றும் செய்யாதே, பார்த்துக்கொண்டு மட்டும் நில்" என்று சொன்னால் மரக்கட்டை மாதிரி ஆகிவிடுகிறார். டாப்பெர்ட் செய்வதும் பார்வைக்கு அதேதானே, வித்தியாசம் எங்கே?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டெரிக்குக்கு முன் இவர் என்னென்ன செய்தார்? அந்த அசைவின்மை எப்படி வேலை செய்கிறது? மொத்தம் 281 அத்தியாயம் என்கிறார்கள், எங்கே தொடங்குவது? 80களில் தூர்தர்ஷனில் வந்த 'தி ஓல்ட் ஃபாக்ஸ்' இதே ஆளா? கடைசியாக, ஜெர்மனியில் இந்தத் தொடரை இப்போது மறுஒளிபரப்பு செய்வதில்லை என்று படித்தேன். ஏன்?

---

பழையநாடா:

ஓல்ட் ஃபாக்ஸ் வேறு, டெரிக் வேறு. முதலில் அதைப் பிரித்துவிடலாம், ஏனென்றால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், குழப்பம் சகஜம். ஓல்ட் ஃபாக்ஸின் ஜெர்மன் பெயர் 'டெர் ஆல்ட்டெ'. 1977இல் தொடங்கியது. அதில் எர்வின் கோஸ்டராக வந்தவர் சீக்ஃப்ரீட் லோவிட்ஸ், குள்ளமான உருவம், கரகரத்த குரல், சூழ்ச்சிக்காரர். 100 அத்தியாயம் நடித்து 1986இல் விலகினார். டெரிக் 1974 அக்டோபர் 20இல் தொடங்கி 1998 அக்டோபர் 16இல் முடிந்தது. இரண்டையும் தயாரித்தவர் மியூனிக்கின் ஹெல்முட் ரிங்கெல்மான், இரண்டையும் ஒளிபரப்பியது ஜெர்மனியின் பொதுத்துறைத் தொலைக்காட்சியான இசட்டிஎஃப். வெள்ளிக்கிழமை இரவு 8.15 மணி என்ற அதே இடம், அதே இயக்குநர்கள் மாறி மாறி. அதனால்தான் இரண்டிலும் அந்த மியூனிக் பங்களாக்களும் மழை நனைத்த தெருக்களும் ஒன்று போலவே தெரிகின்றன.

இனி டாப்பெர்ட். 1923 மே 26இல் எல்பர்ஃபெல்டில் பிறந்தார். இன்றைக்கு அது வுப்பர்டால் நகரத்தின் பகுதி. நடிப்புப் பள்ளியில் படித்து வந்தவர் இல்லை, கணக்கு எழுதும் தொழில் கற்றவர். 1945இல் போர் முடிந்த பிறகு ஸ்டெண்டால் நகர நாடக அரங்கில் கணக்கர் வேலை கேட்டுப் போனவர் மேடைக்குள் போய்விட்டார். அங்கிருந்து கெட்டிங்கன், காஸெல், பான் என்று ஊர் ஊராக நாடகக் குழுக்கள். 1956இல் மியூனிக் காமர்ஷ்பீலெ என்ற பெரிய அரங்குக்கு வந்து சேர்ந்தார், 60களின் பிற்பகுதி வரை அங்கேதான் இருந்தார். டெரிக்காக வரும்போது வயது 51. மேடையில் மட்டும் இருபது வருடத்துக்கு மேல் உழைத்த உடம்பு அது. இதை மறந்துவிட்டு "ஒன்றும் செய்யாமல் நிற்கிறார்" என்றால் கணக்கு தப்பும்.

திரையில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது 1966 பிப்ரவரியில் ஒளிபரப்பான மூன்று பகுதித் தொலைக்காட்சிப் படம், 'டி ஜென்டில்மென் பிட்டன் சுர் காஸெ'. 1963 ஆகஸ்டில் இங்கிலாந்தில் நடந்த தபால் ரயில் கொள்ளைதான் கதை. கொள்ளைக் கூட்டத் தலைவன் மைக்கேல் டோனகன் வேடம் டாப்பெர்ட்டுக்கு. நேர்த்தியான உடை, அளந்த பேச்சு, பார்த்தால் லண்டன் கனவான். எழுதியவர் ஹென்றி கோலார்ஸ், இயக்கம் ஜான் ஓல்டனும் கிளவுஸ் பீட்டர் விட்டும். நீங்கள் டெரிக்கைப் படிக்க வேண்டுமானால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அதே உயரம், அதே நிதானம், ஆனால் இதில் மனிதர் புன்னகைக்கிறார், திட்டம் போடுகிறார், அறையின் குறுக்கே நடக்கிறார், வசீகரிக்கிறார். எட்டு வருடம் கழித்து டெரிக்கில் எதையெல்லாம் கழற்றி வைத்தார் என்பது அப்போதுதான் தெரியும்.

நடுவில் ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் எட்கர் வாலஸின் கதைப் படங்கள்: 1968இல் 'டெர் ஹுண்ட் ஃபோன் பிளாக்வுட் காஸில்', 'டெர் கொரில்லா ஃபோன் சோஹோ', 1969இல் 'டெர் மான் மிட் டெம் கிளாஸ்ஔகெ'. கடைசி இரண்டிலும் இன்ஸ்பெக்டர் பெர்கின்ஸ். மூன்றையும் இயக்கியவர் ஆல்ஃபிரட் ஃபோரர். அவரே 1970இல் 'பெராக்' எடுத்தார், அதில் டாப்பெர்ட் ஹாம்பர்க் போலீஸ்காரர், முரட்டு ஆள். 1971இல் ஸ்பானிய இயக்குநர் ஜெஸ் ஃபிராங்கோவின் மலிவுப் படங்களிலும் தலைகாட்டியிருக்கிறார். அவற்றை விட்டுவிடலாம், நஷ்டமில்லை. ஃபோரரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் டெரிக்கிலும் அவர் பல அத்தியாயங்களை இயக்கினார்.

பக்கத்திலேயே இருக்கும் உதவி அதிகாரி ஹாரி க்ளைனையும் சொல்லாமல் போனால் படம் முழுமையாகாது. ஃப்ரிட்ஸ் வெப்பர் இந்த ஹாரி வேடத்தை டெரிக்குக்கு முன்பே ரிங்கெல்மானின் முந்தைய தொடரான 'டெர் கொம்மிஸா'ரில் செய்துவந்தார். அங்கிருந்து பாத்திரம் அப்படியே டெரிக்குக்கு மாறியது. காலியான இடத்துக்கு அவருடைய சொந்தத் தம்பி எல்மார் வெப்பர், ஹாரியின் தம்பி எர்வின் க்ளைனாக வந்தார். 1959இல் 'டி ப்ரூக்கெ'யில் பள்ளிச் சிறுவன், 1972இல் ஹாலிவுட்டின் 'காபரே'யில் முக்கியத் துணைவேடம் என்று நல்ல தொடக்கம் கொண்டவர் வெப்பர். அப்படிப்பட்டவர் 24 வருடம் இரண்டாம் இடத்தில் நின்று டாப்பெர்ட்டுக்கு இடம் விட்டார். டாப்பெர்ட் அசையாமல் நிற்க முடிந்ததற்குப் பாதிக் காரணம் வெப்பர். கதவைத் தட்டுவது, வண்டியை எடுப்பது, தடயம் தேடுவது, சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு.

---

சட்டகம்:

நடிப்பு பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

ஜெர்மனியின் பொதுத்துறைத் தொலைக்காட்சிகளில் இரவு 8 மணிக்குப் பிறகு விளம்பரம் கிடையாது. டெரிக் ஓடியது 8.15க்கு. அதனால் ஒரு மணி நேரம் அறுபடாமல் ஓடும். அமெரிக்கத் தொடர்களில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை விளம்பர இடைவேளைக்காக ஒரு திருப்பம் வைத்தே ஆக வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு வரவேற்பறைக் காட்சி ஐந்து நிமிடம் நீளலாம், நீள்கிறது. அவ்வளவு நேரம் திரையில் நிற்கிற நாயகன் ஒவ்வொரு வரிக்கும் முகத்தை மாற்றினால் பார்ப்பவருக்குச் சலித்துவிடும். டாப்பெர்ட்டின் சிக்கனம் அந்த நீளத்துக்காக அமைந்தது.

இன்னொன்று, டெரிக்கில் உணர்ச்சி முழுவதும் விருந்து நடிகர்களுக்கு. கணவனை இழந்தவள், பொய் சொல்லும் மகன், பணக்கார மாமனார் என்று வாராவாரம் வருபவர்கள் உடைந்து அழுவார்கள், கத்துவார்கள். லில்லி பால்மர், குர்ட் யுர்கென்ஸ் போன்ற பெரிய ஆட்கள் எல்லாம் வந்து ஆடிவிட்டுப் போனார்கள். அவர்கள் ஆட, இவர் வாங்குகிறார். அதனால் டாப்பெர்ட்டை "ஒன்றும் செய்யாதவர்" என்று பார்த்தால் தவறு, அவர் முழு நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்பது ஒரு செயல். உங்கள் நடிகரிடம் "ஒன்றும் செய்யாதே" என்று சொன்னதால் அவர் கேட்பதையும் நிறுத்திவிட்டார், மரக்கட்டை ஆனது அதனால்தான்.

இதை எப்படிப் படிப்பது? ஒரு அத்தியாயத்தில் ஒரே ஒரு விசாரணைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று நான்கு நிமிடம் போதும். முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். டாப்பெர்ட்டின் தலை எப்போது சாய்கிறது, எடை எந்தக் காலுக்கு மாறுகிறது, எப்போது ஒரு அடி முன்னே வைக்கிறார் என்று நேரக்குறியோடு எழுதுங்கள். மூன்று நான்கு அசைவுக்கு மேல் தேறாது. பிறகு படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேளுங்கள். எந்த வார்த்தையில் அவர் அசைந்தார் என்று குறித்ததோடு ஒப்பிட்டால், பெரும்பாலும் எதிராளி பொய் சொல்லும் இடத்திலோ, தேவையில்லாத ஒரு தகவலைத் தானாகச் சேர்க்கும் இடத்திலோ அந்த அசைவு விழும். மூன்றாவது முறை, வெட்டுகளை மட்டும் எண்ணுங்கள். பேசுபவர் வரியை முடிக்கும் முன்பே கேமரா டாப்பெர்ட்டுக்கு வந்துவிடும். வரியின் வாலை நாம் அவர் முகத்தின் மேல்தான் கேட்கிறோம். அந்த முகத்தில் நாம் படிக்கும் அர்த்தத்தில் பாதி எடிட்டர் தந்தது.

உங்கள் காட்சிக்கு இதை இப்படிக் கொண்டுவரலாம். அதிகாரிக்கு ஒரு ரகசிய வேலை கொடுங்கள். "அவன் சொல்வதில் எது பொய் என்று கண்டுபிடி" என்பது போதாது, அது பொதுவானது. "அவன் மனைவி பெயரை எத்தனை முறை சொல்கிறான் என்று எண்ணு" என்று கொடுங்கள். கண் தானாக உயிர்ப்போடு இருக்கும். எதிரே நடிப்பவரிடம் ஒவ்வொரு டேக்கிலும் ஒரு வரியை மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள், அதிகாரிக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. அதிகாரியின் குளோசப்பை எடுக்கும்போது எதிர் நடிகர் கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்று முழு உணர்ச்சியோடு பேச வேண்டும். உதவி இயக்குநர் காகிதத்தைப் பார்த்து வாசித்தால் அங்கேயே செத்துவிடும்.

நிற்க வைக்கும் இடமும் முக்கியம். டெரிக் பெரும்பாலும் உட்காருவதில்லை. வீட்டுக்காரர் உட்காருவார், எழுவார், ஜன்னல் பக்கம் போவார், குடிக்க எதையாவது ஊற்றுவார், அறையின் நடுவே அல்லது கதவருகே டெரிக் அப்படியே நிற்பார். ஒருவர் நகர, இன்னொருவர் நிற்க, நிற்பவரிடம்தான் அதிகாரம் போய்ச் சேரும். இருவரையும் மேசையின் இருபுறம் உட்காரவைத்து எடுத்தால் இந்த விசை கிடைக்கவே கிடைக்காது. உங்கள் சந்தேக நபருக்கு அறையில் மூன்று நான்கு இடம் குறித்துத் தரையில் டேப் ஒட்டுங்கள், அதிகாரிக்கு ஒரே ஒரு குறி. காட்சி முழுக்க அவர் ஒரு முறைதான் அந்தக் குறியை விட்டு நகரலாம், அது எந்த வரியில் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

கண்ணாடி அணிந்த அதிகாரியாக வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. அகலமான சட்டத்தில் விளக்கு பிரதிபலித்தால் கண் மறைந்துவிடும், இந்த வகை நடிப்பில் கண் போனால் எல்லாமே போயிற்று. முதன்மை விளக்கைக் கண் மட்டத்திலிருந்து நன்றாக உயர்த்தி ஒருபுறம் தள்ளி வையுங்கள். கண்ணாடிக் காம்புகளைக் காதுக்கு மேல் சில மில்லிமீட்டர் தூக்கிவிட்டால் வில்லைகள் லேசாகக் கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு தரைக்குப் போய்விடும். அப்போதும் தெரிந்தால் பிரதிபலிக்காத பூச்சுள்ள வில்லை போடுங்கள், அல்லது வெறும் சட்டம் போதும். வெறும் சட்டத்தைப் பக்கவாட்டுக் கோணத்தில் எடுத்தால் மட்டும் காட்டிக்கொடுக்கும்.

எடிட்டில், அதிகாரியின் மௌனத்தை ஒன்றரை இரண்டு நொடி கூடுதலாக விடுங்கள். ஆனால் பின்னணி ஒலியை அறுக்காதீர்கள். படப்பிடிப்பு அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடமாவது தனியாகப் பதிவு செய்து கீழே ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் மௌனம் வரும்போதெல்லாம் ஒலியில் பள்ளம் விழும், பார்ப்பவருக்கு நடிகர் வரியை மறந்துவிட்டார் என்று தோன்றும்.

---

நெய்தல்வாசி:

சட்டகம் அண்ணா சொன்னது அத்தனையும் சரி, ஆனால் ஒரு ஆளை விட்டுவிட்டார். ஹெர்பெர்ட் ரைனெக்கர். 281 அத்தியாயங்களையும் எழுதியது அவர் ஒருவரே. அதற்கு முன் 1969 முதல் 1976 வரை வந்த 'டெர் கொம்மிஸார்' 97 அத்தியாயமும் அவர்தான். உலகத் தொலைக்காட்சியில் இதற்கு இணை சொல்வது கடினம். டாப்பெர்ட்டின் பேச்சுத் தாளம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி ரைனெக்கரின் எழுத்து.

கவனித்துப் பாருங்கள். எதிராளி ஒரு வரி சொல்வார், டெரிக் அதையே கேள்வியாகத் திருப்பிச் சொல்வார், எதிராளி அதை மறுபடி உறுதி செய்வார். "அவர் வீட்டில் இல்லை." "வீட்டில் இல்லையா?" "ஆமாம், வீட்டில் இல்லை." ஜெர்மன் விமர்சகர்கள் இதைப் பல காலம் கேலி செய்தார்கள். எனக்கு இது பலவீனமாகப் படவில்லை. அந்தத் திருப்பிச் சொல்லலில் டாப்பெர்ட் ஏற்ற இறக்கம் வைக்காமல் சமமாகச் சொல்கிறார். சொன்னவருக்குத் தன் வாக்கியமே அந்நியமாகக் கேட்கிறது, தானாக விளக்கம் கொடுக்கத் தொடங்குகிறார். வாக்குமூலம் கேள்வியால் வருவதில்லை, எதிரொலியால் வருகிறது. குறும்படத்தில் இதை ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை பயன்படுத்துங்கள். தமிழில் "இல்லையா?" என்று நீட்டினால் சந்தேகத் தொனி தானாக ஏறிவிடும், "இல்லை" என்று முற்றுப்புள்ளியோடு சொன்னால்தான் டெரிக் கிடைப்பார்.

இன்னொரு இடத்தில் சட்டகம் அண்ணாவோடு முரண்படுகிறேன். டாப்பெர்ட் எப்போதும் சிக்கனமானவர் இல்லை. 70களின் டெரிக்கில் குத்தல் உண்டு, கோபம் உண்டு, சந்தேக நபரிடம் லேசாக இளிப்பார். தனிவாழ்க்கை கூட எட்டிப்பார்க்கும், ஒரு தோழி வருவார். போகப் போக அந்த இழையெல்லாம் அறுந்தது. 80களின் பிற்பகுதியிலிருந்து அவர் துப்பறிகிறவராக இருப்பதைக் குறைத்து, நெறி பேசுகிற பாதிரியார் போல ஆகிவிட்டார். "இந்த உலகம் எங்கே போகிறது" என்ற பாணியில் ரைனெக்கர் எழுதிய நீண்ட பேச்சுகளை இறுகிய முகத்தோடு சொல்வார். 90களின் சில அத்தியாயங்களில் அசைவின்மை வெறும் பழக்கமாகிவிட்டது, அது என் தீர்ப்பு. அதனால் எந்தக் காலத்து டெரிக்கைப் படிக்கிறோம் என்று தெரிந்து படிக்க வேண்டும். 1974–1982 பாடமாக வைக்கத் தகுந்தது.

ஒப்பிட ஒருவர் வேண்டுமென்றால் கெட்ஸ் கியோர்கெ. 1981இல் 'டாட்டோர்ட்' தொடரில் டூயிஸ்பர்க் நகரப் போலீஸ்காரர் ஷிமான்ஸ்கியாக வந்தார். அழுக்கு மேலங்கி, கெட்ட வார்த்தை, குடி, அடிதடி. டாப்பெர்ட் எதையெல்லாம் அடக்கினாரோ அதையெல்லாம் அவர் திறந்துவிட்டார். ஒரே நாட்டில் ஒரே பத்தாண்டில் இரண்டும் ஓடின என்பதுதான் அந்தக் காலத்து மேற்கு ஜெர்மனி பற்றி நிறையச் சொல்கிறது.

---

மூன்றாம்வரிசை:

ரொம்ப நன்றி எல்லோருக்கும். எதிரொலி உத்தியும் டேப் குறியும் உடனே பயன்படும். அந்தப் புகழ்பெற்ற வசனம், "ஹாரி, போய் வண்டியை எடுத்து வை", அது எந்த அத்தியாயத்தில் வருகிறது? அதை வைத்தே ஆரம்பிக்கலாம் என்று பார்க்கிறேன். பார்க்கும் வரிசையும் யாராவது சொன்னால் நல்லது.

---

பழையநாடா:

அந்த வசனத்தைத் தேடாதீர்கள். ஜெர்மனியில் பழமொழி அளவுக்குப் பரவிய வரி அது, ஆனால் அந்த வடிவத்தில் டெரிக்கில் ஒரு தடவை கூடச் சொல்லப்படவில்லை. கொஞ்சம் நெருங்கி வருவது இரண்டாம் அத்தியாயமான 'யோஹன்னா'வில், வண்டி உடனே வேண்டும் என்று ஹாரியிடம் சொல்லும் ஒரு வரிதான்.

பார்க்கும் வரிசை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒவ்வொன்றும் தனிக் கதை. ஆனால் முதல் அத்தியாயத்தைத் தவறவிடாதீர்கள். 'வால்ட்வேக்', அதாவது காட்டுப்பாதை. இயக்கம் டீட்ரிஷ் ஹௌக். கொலைகாரன் யார் என்பது நமக்கு ஆரம்பத்திலேயே தெரியும், ஆசிரியராக வரும் வுல்ஃப்காங் கீலிங். அமெரிக்கத் துப்பறியும் தொடரான கொலம்போவில் வருவது போன்ற அமைப்பு. தொடக்கக் கால அத்தியாயங்கள் பல இப்படித்தான். பார்வையாளர்களுக்கு அது பிடிக்காமல் போகவே, போகப் போக "யார் செய்தது" என்ற வழக்கமான வடிவத்துக்கு மாறிவிட்டது. உங்கள் தேவைக்கு இந்தத் தொடக்க வடிவமே சிறந்தது. கொலைகாரனை நாம் அறிவோம், டெரிக் அறியவில்லை. ஆகவே அவர் எந்த நொடியில் அறிகிறார் என்று முகத்தில் தேடுவோம். நடிப்பைப் படிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அடுத்து 'யோஹன்னா', 1974 நவம்பர். லில்லி பால்மர் இரட்டை வேடம்: கொல்லப்படும் மனைவி, பிறகு அவளைப் போலவே இருக்கும் சகோதரி. பெரிய நட்சத்திரத்தின் எதிரே டாப்பெர்ட் எவ்வளவு பின்வாங்குகிறார், எங்கே மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை என்று பாருங்கள்.

மூன்றாவது 'ஷ்டிஃப்டுங்ஸ்ஃபெஸ்ட்', அதை இயக்கியவர் ஹெல்முட் கொய்ட்னர், போர்க்காலத்திலிருந்தே ஜெர்மன் சினிமாவின் பெரிய பெயர். அதற்குப் பிறகு இயக்குநர் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். செக் நாட்டவரான ஸ்பினெக் பிரினிக் எடுத்தவை ஒரு மாதிரிப் பித்து: கேமரா முகத்துக்கு மிக அருகே போகும், ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஒலிக்கும், விருந்து நடிகர்கள் எல்லை மீறுவார்கள். அந்தச் சூறாவளி நடுவே அதே டாப்பெர்ட். ஃபோரர் எடுத்தவை நேர்கோடு, காட்சிக் கட்டுமானம் படிக்க நல்லவை. டாப்பெர்ட்டே இயக்கியவையும் பத்துக்கு மேல் உண்டு, தன்னைத் தானே எப்படி வைத்துக்கொள்கிறார் என்று பார்க்க அவற்றில் ஒன்று. கடைசியாக 281ஆவது, 'டாஸ் அப்ஷீட்ஸ்கெஷெங்க்', டெரிக் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலில் பதவிக்குப் போவதாகக் கதை. அப்போது டாப்பெர்ட்டுக்கு 75 வயது.

ஒலிச்சேர்க்கைப் பதிப்பில் பார்க்காதீர்கள். இந்த நடிகரிடம் பாதி குரல். வேறொருவர் குரல் ஏறியதும் அந்தச் சமநிலை போய்விடும், அதோடு உதட்டசைவுக்குப் பொருத்துவதற்காக மௌனத்துக்குள் வார்த்தையைத் திணித்திருப்பார்கள். ஜெர்மன் ஒலியோடு வசன வரிகள் போட்டுப் பாருங்கள். பேச்சு மெதுவானது, வாக்கியம் குட்டை. ஜெர்மன் பி1 என்ற இடைநிலை படிப்பவர்கள் வசன வரி இல்லாமலே பெரும்பகுதி பிடித்துவிடலாம்.

டிவிடி வாங்குவதாக இருந்தால் ஜெர்மன் பெட்டிகள் மண்டலம் 2, இந்தியாவில் விற்கும் கருவிகள் மண்டலம் 5. போட்டதும் "தவறான மண்டலம்" என்று நின்றுவிடும். மண்டலப் பூட்டு இல்லாத கருவி இருக்கிறதா பாருங்கள். கணினி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதன் பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். பெட்டியின் பின்புறத்தில் வசன வரி மொழி போட்டிருக்கிறதா என்பதையும் காசு கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்.

---

வைகறைச்செய்தி:

கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான். மறுஒளிபரப்பு இல்லாததற்குக் காரணம் டாப்பெர்ட்டின் போர்க்கால வரலாறு.

அவர் 2008 டிசம்பர் 13இல், மியூனிக் அருகே பிளானெக்கில் இறந்தார். உயிரோடு இருந்தவரை, போரில் சாதாரண ராணுவத்தில் மருத்துவப் பணியாளாக இருந்தேன் என்ற அளவில்தான் சொல்லி வந்தார். 1998இல் சுயசரிதை எழுதியபோதும் முழு விவரம் வரவில்லை. 2013 ஏப்ரலில், சமூகவியலாளர் யோர்க் பெக்கர் வேறு ஒருவரைப் பற்றிய ஆய்வுக்காகப் படைவீரர் ஆவணங்களைப் புரட்டும்போது டாப்பெர்ட்டின் பெயர் சிக்கியது. 1943இல் அவர் நாஜிகளின் எஸ்எஸ் அமைப்பின் போர்ப்படையான வாஃபன் எஸ்எஸ்ஸின் 'டோட்டன்கோப்' பிரிவில் கிரெனடியராக, அதாவது காலாட்படை வீரராகப் பதிவாகியிருந்தார். அப்போது வயது 19, 20 இருக்கும். அந்தப் பிரிவு கிழக்குப் போர்முனையில் செய்த குற்றங்கள் சாதாரணமானவை அல்ல, வதைமுகாம் காவலர்களிலிருந்து உருவான பிரிவு அது. அவர் விரும்பிச் சேர்ந்தாரா, சேர்க்கப்பட்டாரா என்பதை அந்த ஆவணம் சொல்வதில்லை.

செய்தி வந்ததும் இனி டெரிக்கை மறுஒளிபரப்பு செய்யப் போவதில்லை என்று இசட்டிஎஃப் அறிவித்தது. நெதர்லாந்திலும் ஓடவிருந்த மறுஒளிபரப்பை நிறுத்தினார்கள். பவேரிய அரசு 1980இல் அவருக்குக் கொடுத்திருந்த கௌரவ போலீஸ் கமிஷனர் பட்டத்தைப் பறித்தது. சட்டப்படியான தடை என்று எதுவும் இல்லை, அந்தச் சொல் தவறு. ஒளிபரப்பு நிறுவனம் எடுத்த முடிவு அது. டிவிடி விற்பனை நிற்கவில்லை.

ரைனெக்கரைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். நாஜிக் காலத்தில் பிரச்சாரப் பத்திரிகைகளுக்கு எழுதியவர், வாஃபன் எஸ்எஸ்ஸின் போர்ச் செய்தியாளர். இது போருக்குப் பிறகு மறைக்கப்பட்ட செய்தி இல்லை.

நெய்தல்வாசி சொன்ன அந்த நெறிப் பேச்சுகளை, குற்றம், குற்றவுணர்வு, "நாம் எல்லோருமே பொறுப்பு" என்று டெரிக் பேசும் இடங்களை, இந்தத் தகவலோடு சேர்த்துத்தான் இப்போது ஜெர்மனியில் படிக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விற்ற தொடர் அது. நார்வே, இத்தாலி, பிரான்ஸ், நெதர்லாந்து எல்லாம் அதிலிருந்துதான் "நல்ல ஜெர்மானியர்" என்ற முகத்தைத் தெரிந்துகொண்டன. நாஜி ஆக்கிரமிப்பை அனுபவித்த நார்வேயில் அவரைக் கொண்டாடினார்கள், அவரும் அங்கே வீடு வைத்திருந்தார். ஏமாற்றம் அங்கேதான் ஆழமாக இறங்கியது.

நடிப்பைப் படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குறும்படக் குழுவுக்கு இந்தக் காட்சிகளைப் போட்டுக் காட்டும்போது இந்த விவரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பிற்காலத்து டாப்பெர்ட் முகத்தில் நாம் எதைக் கனிவு என்று படிக்கிறோம், எதை மௌனம் என்று படிக்கிறோம் என்பது அதற்குப் பிறகு மாறும்.

---

சட்டகம்:

வைகறைச்செய்தி சொன்னதை ஏற்கிறேன். நடிப்புப் பாடமாக மட்டும் வைப்பதானால் 'வால்ட்வேக்'கும் 1966 ரயில் கொள்ளைப் படமும் போதும். 'வால்ட்வேக்'கில் கீலிங்கும் டாப்பெர்ட்டும் எதிரெதிரே நிற்கும் காட்சிகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஏழு நிமிடக் காட்சியை ஒத்திகை பார்க்கும்போது கைபேசியில் ஒரே நீள ஷாட்டாக எடுத்து, அதிகாரியின் அசைவுகளை எண்ணிப் பாருங்கள். பத்துக்கு மேல் போனால் பாதியை வெட்டுங்கள். இரண்டுக்குக் கீழே இருந்தால் அவர் கேட்கவில்லை என்று அர்த்தம், எதிர் நடிகரின் வரிகளை மாற்றிக் கொடுத்து மறுபடி எடுங்கள்.